முள் காலில், நெறி தொடையில்

திருவண்ணாமலையில் கிரிவலம் சுற்றுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டரை வெறுங்காலோடு நடந்து முடித்திருப்பீர்கள். வழியில் எங்கோ ஒரு முள் குத்தியிருக்கும்; பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருப்பீர்கள். இரண்டு நாள் கழித்துத் தொடை இடுக்கில் கோலிக்குண்டு அளவுக்கு ஏதோ ஒன்று திரண்டு வலிக்கும். வீட்டில் பாட்டி இருந்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்குடா, கால்ல எங்க புண்ணு?" என்று கேட்பார்.

வலி தொடையில், பாட்டியின் கண் போவதோ பாதத்துக்கு. விரலிடுக்கில் நடந்த சங்கதி தொடை இடுக்குக்கு எட்டியிருக்கிறது, நடுவே ஏதோ பாதை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தோலில் வரும் மெலனோமா என்ற புற்றுநோயைப் பற்றியும், அதற்காக மருத்துவர்கள் தேடிப் பிடிக்கும் ஒரு சிறு முடிச்சைப் பற்றியும் இன்று பேசலாம் என்றிருக்கிறேன். அந்தப் பேச்சில் பாதி, பாட்டியின் கேள்விக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மீதியைச் செங்கம் சாலையில் ஒரு டீயைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்ப்போம்.

முதலில் அந்தப் பாதை. நம் உடம்பின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் மண்பானை மாதிரி, கசியும். அந்தக் கசிவு குறையல்ல. செல்களுக்கு உணவும் நீரும் போய்ச் சேருவதற்கு அது வேண்டும். ஆனால் கசிந்தது அங்கேயே தேங்கினால் நாம் ஊதிப் போவோம். அதைச் சேகரித்து மறுபடி ரத்தத்திலேயே கொண்டுபோய் விடுவதற்கு உடம்பில் ஒரு தனி வாய்க்கால் ஏற்பாடு இருக்கிறது. அதில் ஓடுவதுதான் நிணநீர். நாளொன்றுக்குச் சில லிட்டர் இப்படி ஓடி, பெரும்பகுதி இடது கழுத்தின் அடியில் ஒரு பெரிய சிரையில் போய்க் கலக்கிறது.

இந்த வாய்க்காலுக்கு இதயம் போன்ற பம்பு கிடையாது. குழாய்ச் சுவர்கள் தாமே மெல்லச் சுருங்கி விரியும். நாம் நடக்கும்போது தசைகள் பிசைந்து தள்ளும். உள்ளே இருக்கும் ஒருவழிக் கதவுகள் திரும்பி வரவிடாது. சென்னையிலிருந்து இரவு முழுக்கக் காலைத் தொங்கப் போட்டபடி பஸ்ஸில் வந்தால் பாதம் பொதபொதவென்று இருப்பதும், கொஞ்சம் நடந்ததும் செருப்பு மறுபடி காலுக்குச் சரியாவதும் இதனால்தான். அடைத்தே போனால் என்ன ஆகும் என்பதையும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யானைக்கால் பார்த்திருக்கிறோம். கொசு வழியே வந்த புழு இந்தக் குழாய்களில் குடியேறிக் கெடுத்ததன் விளைவு அது.

வாய்க்கால் நேரே கழுத்துக்குப் போய்விடுவதில்லை. நடுவே மொச்சைக்கொட்டை வடிவில் சின்னச் சின்ன முடிச்சுகள். உடம்பு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் கொத்தாக. இவற்றுக்கு நிணநீர் முடிச்சு என்று பெயர். நோய் எதிர்ப்புச் செல்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் இடம். பாதத்திலிருந்து கிருமி வந்தால் இங்கே சண்டை நடக்கும், முடிச்சு வீங்கும், வலிக்கும். பாட்டி சொன்ன நெறி இதுதான்.

இனி மெலனோமாவுக்கு வருவோம். தோலுக்கு நிறம் தருகிற செல்கள் கட்டுப்பாடிழந்து பெருகினால் வருவது. வெள்ளைத் தோல்காரர்கள் கொளுத்தும் வெயிலில் வாழ்கிற ஆஸ்திரேலியாவில் இது அன்றாடப் பேச்சு. நம் நாட்டில் மிக அரிது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. அரிது என்பதாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை என்பது அதன் மறுபக்கம். அதோடு, நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு வரும்போது அது வெயில் படும் முகத்தைவிட, வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது. உள்ளங்காலில் ஒரு கறுப்புத் திட்டு விளிம்பு கோணலாகிப் பரவினால் நாம் என்ன நினைப்போம்? கால் ஆணி என்போம், இல்லையென்றால் ரத்தக்கட்டு. நகத்தில் கறுப்புக் கோடு விழுந்து அடித்தோல் வரை மை ஊறினாற்போலப் பரவினால், கதவிடுக்கில் நசுங்கியிருக்கும் என்போம். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது இந்த வகைதான். கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்றே முதலில் எண்ணினார்கள். 1981இல், 36 வயதில் இறந்தார்.

அப்படி ஒரு திட்டை வெட்டி எடுத்துப் பரிசோதித்து மெலனோமா என்று தெரிந்ததும், மருத்துவர் முதலில் கேட்பது அதன் அகலத்தை அல்ல, ஆழத்தை. அமெரிக்க நோய்க்குறியியலாளர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் காட்டிய கணக்கு இது. தோலின் மேற்பரப்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் அளக்க வேண்டும். உங்கள் பையில் இருக்கும் ஏடிஎம் அட்டையை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள்; அதன் கனம் சுமார் முக்கால் மில்லிமீட்டர். அதைவிட மெல்லியதாக, மேலே புண்ணாகாமல் இருந்தால், கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுத்துவிடுவதோடு பெரும்பாலும் வேலை முடிகிறது. 0.8 மில்லிமீட்டரைத் தொட்டால் முடிச்சைப் பற்றிய பேச்சு தொடங்கும். 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் அநேகமாக முடிச்சை எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். தோலுக்குள் அவ்வளவு தூரம் இறங்கிய செல்களுக்கு நிணநீர் வாய்க்கால் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது.

சரி, எந்த முடிச்சு? இங்கே நம் மலையைக் கொஞ்சம் பார்ப்போம். அண்ணாமலையின் உச்சியில் பெய்யும் மழை எல்லாப் பக்கமும் வழிகிறது. ஒரு பாறையின் மேல் விழுந்த துளி எந்த ஏரிக்குப் போகும்? வேங்கிக்கால் ஏரிக்கா, சமுத்திரம் ஏரிக்கா? எது பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சரிவு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். ஒரு முழம் தள்ளி விழுந்த துளி வேறு ஊருக்குப் போய்விடும். போன ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு, அதிலிருந்து அதற்கடுத்த ஏரிக்கு. நம் முன்னோர் வெட்டிய சங்கிலி ஏரிகள் இப்படித்தான். நிணநீரும் அப்படியே. தோலில் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் நீர் முதலில் ஒரு முடிச்சில் இறங்கி, அங்கிருந்துதான் அடுத்ததற்கு. அந்தப் புள்ளிக்குரிய முதல் ஏரியைத்தான் மருத்துவர்கள் சென்டினல் நோட் என்கிறார்கள்.

இந்தச் சரிவுகளை முதலில் வரைந்தவர்களில் பெரியவர் சாப்பே என்ற பிரெஞ்சு உடற்கூறியலாளர். 19ஆம் நூற்றாண்டில் இறந்த உடல்களின் நிணக்குழாய்களில் பாதரசத்தைச் செலுத்தி, அது ஓடிய தடத்தை அழகழகான படங்களாக்கினார். தொப்புள் மட்டத்தில் ஒரு கோடு. அதற்கு மேல் உள்ள தோல் அக்குளுக்கு வடியும், கீழே உள்ளது தொடை இடுக்குக்கு. இடது வலது எல்லை தாண்டாது. நூறு ஆண்டு இதை வேதமாகவே வைத்திருந்தார்கள். பிறகு உயிரோடிருப்பவர்களிடம் கதிரியக்கத் தடம் வைத்துப் பார்த்தபோது கோடு பல இடங்களில் பொய்த்தது. முதுகின் நடுவே இருக்கும் ஒரு மச்சம் இரண்டு அக்குளுக்கும் வடியலாம். குதிகாலின் வெளிப்பக்கத்திலிருந்து புறப்பட்டது தொடைக்குப் போகாமல் முழங்காலின் பின்குழியில் உள்ள முடிச்சில் நின்றுவிடலாம். வரைபடத்தை நம்பிப் பயனில்லை, ஆளுக்கு ஆள் தண்ணீர் விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று ஆயிற்று.

தண்ணீர் விடுகிற முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆண்குறிப் புற்றுநோய்க்கு முதல் முடிச்சைத் தேடலாம் என்று கபானாஸ் என்ற அறுவை மருத்துவர் 1977இல் எழுதினார். மெலனோமாவில் நீலச் சாயத்தை வைத்து ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் முடிச்சைக் கண்டுபிடிக்கலாம் என்று டொனால்டு மார்ட்டனும் கூட்டாளிகளும் 1992இல் கலிஃபோர்னியாவிலிருந்து காட்டினார்கள். அதற்கு முன்பு இரண்டே வழி: கொத்து மொத்தத்தையும் எடுத்துவிடு, அல்லது கட்டி தென்படும்வரை காத்திரு.

இன்று நடப்பதைப் பார்ப்போம். அறுவை நாளிலோ முந்தைய நாளிலோ, மச்சம் இருந்த இடத்தைச் சுற்றித் தோலுக்குள் நான்கு பக்கமும் துளித்துளியாக ஓர் ஊசி. கட்டெறும்பு கடித்தாற்போல் சுரீரென்று இருக்கும். உள்ளே போவது டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஒட்டிய மிக நுண்ணிய துகள்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடுவதால் அதைச் சேமித்து வைக்க முடியாது. மாலிப்டினம் அடைத்த ஒரு பெட்டியிலிருந்து தினமும் புதிதாக எடுப்பார்கள். அணுமருத்துவத் துறையில் அந்தப் பெட்டிக்குச் செல்லப் பெயர் பசு. எடுப்பதற்குப் பெயர் பால் கறப்பது. எங்கோ ஒரு மாட்டுக்காரர் விஞ்ஞானியாகியிருக்க வேண்டும்!

வாய்க்காலில் வைக்கோலைப் போட்டுவிட்டு அது எந்த மடையில் போய் ஒதுங்குகிறது என்று கரையிலிருந்து பார்ப்போமே, அதே வேலையைக் காமா கேமரா செய்கிறது. துகள் ஓடும் கோடும், அது தங்கிய புள்ளியும் திரையில் தெரியும். அந்த இடத்துக்கு நேரே தோலில் பேனாவால் குறி போடுவார்கள். அறுவை அரங்கில் மயக்கம் கொடுத்த பிறகு நீலச் சாயம் இன்னொரு ஊசி. பேனா போன்ற ஒரு கருவியை உடம்பின் மேல் நகர்த்தினால், துகள் தங்கிய முடிச்சை நெருங்க நெருங்க அதன் சத்தம் கூடும். சிறிய கீறல் போட்டால் உள்ளே நீலம் ஏறிய முடிச்சு. சத்தம், நிறம் என்று இரண்டு சாட்சி. அதிகமாகச் சத்தம் போட்ட முடிச்சின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சத்தம் போடும் எதையும் சேர்த்து எடுப்பது வழக்கம். ஒன்று, இரண்டு, சில சமயம் மூன்று வரும். மச்சம் இருந்த இடத்தை அகலமாக வெட்டி எடுப்பதும் அதே அமர்வில்தான். அதை முன்பே செய்துவிட்டால் வரத்து வாய்க்கால் அறுந்துபோகும். பிறகு விடுகிற சாயம் எந்தப் பக்கம் போகும் என்று உறுதி இல்லை.

எடுத்த முடிச்சை நோய்க்குறியியலாளர் அப்பளத்தைவிட மெல்லிய சீவல்களாக்கி, தனிச் சாயங்களும் ஏற்றி, ஒரு சில செல்களாவது ஒளிந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். அதற்கு நாளாகும்.

டீ வந்துவிட்டது. மாஸ்டர் கையில் உள்ள துணி வடிகட்டியைப் பாருங்கள், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அதுதான். நிணநீர் முடிச்சு என்றால் என்ன என்று கேட்டால் யாரும் உடனே சொல்வது "அது ஒரு வடிகட்டி." பொய்யில்லை. ஆனால் வடிகட்டி என்ற சொல் ஒரு படத்தை மனதில் போட்டுவிடுகிறது: எடுத்துவிட்டால் தூள் எல்லாம் டம்ளரில் விழும். போதாக்குறைக்கு சென்டினல் என்பதற்கு அர்த்தம் காவல்காரர். அப்புறம் கேட்க வேண்டுமா? ஒரு வீட்டில், "காவலுக்கு இருக்கிறதப் போய் எடுக்கச் சொல்றாங்களே, எடுத்தா பரவிடாதா?" என்று அழுவார்கள். அடுத்த வீட்டில், "அந்த முடிச்சையே எடுத்துட்டாங்க, இனிமே பரவாது" என்று நிம்மதியாகி மறு பரிசோதனைக்குப் போகாமல் விடுவார்கள். ஒருவர் அழுகிறார், ஒருவர் சிரிக்கிறார். ஆனால் இருவர் மனதிலும் இருப்பது ஒரே படம். முடிச்சு ஒரு கதவு, அதைத் திறப்பதாலோ மூடுவதாலோ நோயின் போக்கு மாறும் என்ற படம்.

ஏரிக்குத் திரும்புவோம். மேட்டில் ஒரு சாயப்பட்டறை இருக்கிறது, கழிவை ஓடையில் விட்டதா இல்லையா என்று சந்தேகம். நாம் என்ன செய்வோம்? அந்த ஓடை சேரும் முதல் ஏரியில் ஒரு குடம் வண்டலை அள்ளிச் சோதிப்போம். அதில் சாயம் இல்லையென்றால் கீழேயுள்ள ஏரிகளில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தால், விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது; அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கலாம். வண்டலை அள்ளியதால் பட்டறை நிற்கவும் இல்லை, கழிவு கூடுதலாக ஓடவும் இல்லை. நமக்கு ஒரு தகவல் கிடைத்தது. முடிச்சை எடுப்பதும் அந்தத் தகவலுக்காகத்தான். அந்த ஒரு முடிச்சில் மட்டுமே நோய் ஒதுங்கியிருந்தால், அது போனது கூடுதல் லாபம். ஆனால் மெலனோமாவுக்கு ரத்தம் என்ற இன்னொரு வழியும் உண்டு. அந்த வழியில் இந்த ஏரியே கிடையாது.

"எடுத்தா பரவும்" என்ற அச்சம் இந்த ஊரில் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதற்குக் காரணமும் இதே சாலையில் இருக்கிறது. இங்கே ஆசிரமத்தில் வாழ்ந்த ரமண மகரிஷிக்கு இடது முழங்கைப் பக்கம் தோன்றிய சிறு கட்டியை 1949 பிப்ரவரியில் அகற்றினார்கள். மார்ச்சுக்குள் திரும்ப வந்தது. சார்கோமா என்று தெரிந்தது. ரேடியம் வைத்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் மொத்தம் நான்கு அறுவை. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அடங்கினார். இந்தத் தேதிகளை வரிசையாகக் கேட்கிற எவருக்கும் வெட்ட வெட்ட வளர்ந்தது என்றுதான் தோன்றும். கத்தி பட்டதால்தான் என்று சொல்லும் பெரியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்தவர்களுக்கு வரிசை அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆனால் வரிசை வேறு, காரணம் வேறு. சார்கோமா தசை, கொழுப்பு, நார் போன்ற திசுக்களில் பிறப்பது. தொட்டால் உருண்டையாக, தனியே எடுத்துவிடக்கூடியதாகத் தெரியும். உண்மையில் அதன் விளிம்பைத் தாண்டிச் சுற்றுத் திசுவிலும் செல்கள் சிதறியிருக்கும். உருண்டையை மட்டும் எடுத்தால் கோரைப்புல்லை மேலே அறுத்த கதைதான், கிழங்கு மண்ணிலேயே இருக்கும். மறுபடி முளைப்பது அரிவாளின் குற்றமல்ல. சார்கோமா பெரும்பாலும் ரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போகிற நோய்; அதனால் பெரும்பாலான வகைகளில் முதல் ஏரியைத் தேடும் வேலையே இல்லை. மெலனோமாவின் பழக்கம் வேறு என்பதால்தான் அங்கே தேடுகிறோம். மெலனோமாவில் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளிலும், அப்படிச் சோதித்ததால் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை.

தகவலுக்கு மட்டும் ஒரு கீறலா, அதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நியாயம்தான். மார்ட்டன் குழுவினரின் பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. நடுத்தர ஆழமுள்ள மெலனோமாவில் 100 பேரில் சுமார் 16 பேருக்கு முதல் முடிச்சில் நோய் இருந்தது. அவர்களில் ஐந்து ஆண்டு கழித்து மெலனோமாவால் இறக்காமல் இருந்தவர்கள் சுமார் 72 சதவீதம். முடிச்சு சுத்தமாக இருந்தவர்களில் சுமார் 90 சதவீதம். வெளியே பார்த்தால் இரு சாராரும் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள்; யாருக்கும் நெறி கட்டியிருக்கவில்லை. இன்று, முடிச்சில் நோய் உள்ளவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் உண்டு. பக்கவிளைவும் விலையும் கனத்த மருந்துகள். யாருக்குத் தேவை, யாரை விட்டுவிடலாம் என்பதை முடிவு செய்ய அந்த வண்டல் உதவுகிறது.

இன்னொரு பயன், வேண்டாத வெட்டு குறைந்தது. முன்பெல்லாம் முதல் முடிச்சில் நோய் என்றால் கொத்து முழுவதையும் எடுத்துவிடுவார்கள். எல்லா ஏரியையும் தூர்த்தால் ஊர் என்ன ஆகும்? நீர் வடிய வழியின்றிக் காலோ கையோ வீங்கும். யானைக்கால் போலவே, புழு இல்லாமல். 2017இல் வெளிவந்த இரண்டாவது பெரிய ஆய்வில், கொத்து முழுவதையும் எடுத்தவர்களையும், எடுக்காமல் அல்ட்ராசவுண்ட் வைத்துக் கண்காணித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். மூன்று ஆண்டு முடிவில் மெலனோமாவால் இறக்காதவர்கள் இரு பக்கமும் 86 சதவீதம். வீக்கம் மட்டும் ஒரு பக்கம் 24 சதவீதம், மறுபக்கம் 6. அதன் பிறகு கொத்தாக வெட்டும் வழக்கம் வெகுவாகக் குறைந்தது. என்னைக் கேட்டால், கத்தியைக் கீழே வைக்கலாம் என்று அறுவை மருத்துவர்களே ஆய்வு நடத்தி ஒப்புக்கொண்டதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இந்தச் சோதனை செய்துகொள்ளப் போகிறவர் வீட்டில் யாராவது இருந்தால், ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த நீலச் சாயம் ஓரிரு நாள் சிறுநீரில் பச்சையாகவோ நீலமாகவோ இறங்கும். ஊசி போட்ட இடத்தில் சாயம் இன்னும் பல நாள் இருக்கும். சொல்லாமல் விட்டால் நடுராத்திரியில் கழிவறையிலிருந்து அலறல் கேட்கும்.

நெறியையும் முடித்துவிடுவோம். காலில் புண் வந்து கட்டிய நெறி தொட்டால் வலிக்கும், புண் ஆற ஆறத் தானே அடங்கும். வலியே இல்லாமல், கெட்டியாக, வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டு வருகிற நெறிக்குப் பத்துப் போட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. அப்போதும் மருத்துவரிடம் காட்டப் போகும் முன் பாட்டி கேட்ட கேள்வியையே கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றி, பாதத்தைத் திருப்பி, விரலிடுக்குகளைப் பிரித்து, நகம் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாத வயசென்றால் பேரனைக் கூப்பிட்டு, அவன் கைபேசி விளக்கை அடிக்கச் சொல்லுங்கள்.